தாவும் வண்டிக்கு ஏற்ற எடை

என் வீட்டுக்காரர் ஜெனரேட்டர் வாங்கத்தான் போனார்.

தொண்ணூற்றொன்றில் எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பென்னலூரில் வாடகை வீடு. நான் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். எங்கள் ஊரில் கரண்ட் வருவதை விடப் போவதுதான் அதிகம். பழைய ஜெனரேட்டர் ஒன்று வாங்கிக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவருக்கு யோசனை. மெட்ராஸ் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை காலையில் குளித்து, ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து நாலு பேர் சேர்ந்து எதையோ இறக்கினார்கள். சிவப்பு நிறம். மோட்டார் சைக்கிள் மாதிரி சீட்டும் ஹேண்டில்பாரும் இருந்தன. ஆனால் நாலு சக்கரம், ஒவ்வொன்றும் பூசணிக்காய் மாதிரி உப்பலாக.

"இது இன்னாங்க?"

"குவாட் பைக்கு. ஜப்பான்காரன் செஞ்சது."

"ஜெனரேட்டர்?"

"அத வேற ஒருத்தன் எடுத்துட்டான்."

"இதுல கரண்ட் வருமா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹெட்லைட்டு எரியும்" என்றார்.

அந்த வண்டிக்குப் பேப்பர் எதுவும் கிடையாது. ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். வயலில் ஓட்டினால் வயல்காரர் பிடிப்பார். மிச்சம் இருந்தது எங்கள் ஊர் ஏரி. அந்த வருஷம் தண்ணீர் வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் எருமைகளுக்காக விட்டு வைத்த மாதிரி கிடந்தது. மற்றதெல்லாம் வெடித்துக் காய்ந்த மண். ஒருவழியாக அவர் எஞ்சினை ஓட வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வண்டியை ஏரிக்குள் இறக்கி, சுற்றிச் சுற்றி வந்தார். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதுகிற நிலைமை வந்திருக்காது.

கம்பெனி கேன்டீனில் ஒருநாள் பேச்சுவாக்கில், "நம்ம வண்டி ஆளுயரம் தாவும்" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசையில் பர்சனல் மேனேஜர் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆயுத பூஜைக்குப் புதிதாக ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்று ஆசை. இரண்டு வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் டைப் அடித்து ஒட்டியிருந்ததாம். பூஜை, பொங்கல் வினியோகம், பெண்களுக்கான மியூசிக்கல் சேர், அதற்கு முன்னால் "நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் தாவுதல்: மெயின்டெனன்ஸ் டிபார்ட்மென்ட்." அடுத்த ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டின மண் மைதானத்தில் குவிந்து கிடந்தது. அதையே மேடாகச் சரித்துக் கொடுத்துவிடுவார்களாம்.

"நீங்க இதுவரைக்கும் ஒரு தடவையாவது தாவியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"தாவறதுல இன்னா கீது? வேகமா போனா அதுவா எழும்பும்."

அதுவாக எழும்பியது. அடுத்த ஞாயிறு ஏரிக்கரைச் சரிவில் ஏறி, அந்தப் பக்கம் ஒரு முழ உயரம்தான் எழும்பியிருப்பார். இறங்கியபோது இரும்பும் இரும்பும் மோதிய சத்தம் கேட்டது. குட்டையிலிருந்த எருமைகள் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தன. என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "ஷாக் அப்சார்பர்ல ஆயில் இல்ல" என்றார்.

புது ஷாக் அப்சார்பர் ஜப்பானிலிருந்து வரவழைக்க வேண்டும். அதற்கு ஆகிற செலவில் ஜெனரேட்டரே வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். அந்தப் பேச்சை அன்றைக்கு அவர் ரசிக்கவில்லை. கடைசியில் வண்டியை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் போனோம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பாய் ஆட்டோ மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். ஷாக் அப்சார்பர் வேலைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. ஒல்லியான மனிதர். பேசும்போது உள்ளங்கையால் எதையாவது அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் வண்டியின் முன்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"ஸ்ப்ரிங் மட்டுந்தான் கீது சார். உள்ள ஆயில் போச்சு, சீல் போச்சு. ஆயில் இல்லாத ஸ்ப்ரிங்கு, கட்டிப்போடாத மாடு மாதிரி. குத்துச்சுன்னா குத்திக்கினே இருக்கும்."

"கம்மியா செலவு பண்ணி சரி பண்ணணும் பாய். ஆயுத பூஜைக்குத் தாவணும்."

"இன்னாத்த தாவணும்?"

அவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இருபது வருஷமாக ஆட்டோ ஷாக்கே பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மனிதர் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் லோடு ஆட்டோவின் பழைய ஸ்ப்ரிங்குகளை மாட்டினார். "மூட்டை தாங்கற ஸ்ப்ரிங்கு சார். உங்கள தாங்காதா?" தாங்கியது. தாங்கினதோடு நில்லாமல் திருப்பியும் அனுப்பியது. அந்த ஞாயிறு என் வீட்டுக்காரர் கரையிலிருந்து தாவி இறங்கினார். இறங்கிய வேகத்தில் வண்டி அவரை மறுபடி மேலே தூக்கிப்போட்டது. இரண்டாவது தடவை இறங்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு வாரம் அவருக்கு 'ச'வும் வரவில்லை, 'ர'வும் வரவில்லை. கம்பெனியில் சூப்பர்வைசரிடம் சர்வீஸ் ரிப்போர்ட் சொல்ல முடியாமல் எழுதிக் கொடுத்தாராம்.

அடுத்ததாகப் பாய் ஆயிலில் கைவைத்தார். உள்ளே கெட்டியான ஆயில் ஊற்றினால் ஸ்ப்ரிங்கின் துள்ளல் அடங்கும் என்பது அவர் கணக்கு. ஒரேயடியாக அடங்கிவிட்டது. முதல் மேட்டில் அமுங்கிய வண்டி எழுந்திருக்கவே இல்லை. இரண்டாவது மேட்டில் இன்னும் கொஞ்சம் அமுங்கியது. மூன்றாவது மேட்டில் என் வீட்டுக்காரர் தரையோடு தரையாக உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டியே தெரியவில்லை. அவர் மட்டும் ஏதோ கோபத்தில் ஏரியைக் கடப்பது போல் இருந்தது.

மூன்றாவது தடவை பாய் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். விபத்தில் சிக்கிய வண்டியாம், ஆனால் ஷாக் இரண்டும் புதுசு. முன்பக்கத்துக்கு அதை மாட்டி, பின்பக்கத்து ஒற்றை ஷாக்குக்கு சீல் மாற்றி, அளவான ஆயில் ஊற்றினார். டயரில் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்கு அடிப்பது போல் அடித்து வைத்திருந்த காற்றையெல்லாம் திறந்துவிட்டார். "இந்த டயரு இட்லி மாதிரி அமுங்கணும் சார். கல்லு மாதிரி வெச்சினுகீறீங்க. இதுக்குக் காசே வாணாம், வால்வை அமுக்குனா போதும்."

கையால் அமுக்கினால் வண்டி இறங்கியது, நிதானமாக எழுந்தது. எனக்கே பார்க்க அழகாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம்; வண்டி அப்படியே இறங்கி உட்கார்ந்துவிட்டது.

பாய் தாடியைச் சொறிந்துகொண்டார். என்னிடம், "டீச்சர், ஸ்கேல் வெச்சினுகீறீங்களா?" என்றார். கைப்பையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் இருக்கும். மூன்றாம் வகுப்புக்கு அது இல்லாமல் முடியாது. வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு உயரம், அவர் ஏறினதும் எவ்வளவு என்று அளக்கச் சொன்னார். அளந்தேன். ஷாக் மொத்தமாக இறங்கக்கூடிய தூரத்தில் முக்கால்வாசி, அவர் உட்கார்ந்ததுமே போய்விட்டது.

"பாருங்க டீச்சர். மூணுல ஒரு பங்கு எறங்குனா சரி. நிக்கும்போதே முக்காவாசி எறங்கிடுச்சுன்னா, குதிச்சு வரும்போது எறங்கறதுக்கு இன்னா கீது?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. காலையில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் கிளம்பும்போதே படிக்கட்டு வரை ஆள் நிற்பார்கள். அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவர்களுக்கு எங்கே இடம்?

"அப்ப ஸ்ப்ரிங்கு சின்னதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஸ்ப்ரிங்கு சரியாத்தான் சார் கீது" என்றார் பாய், மரியாதையாக.

அதற்கு அர்த்தம் என்னவென்று மூன்று பேருக்கும் தெரிந்தது. பக்கத்தில் ஸ்டேஷனில் காசு போட்டால் எடை பார்க்கும் மிஷின் இருந்தது. போனோம். அவருக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ. மிஷினிலிருந்து விழுந்த எடைச் சீட்டின் பின்பக்கம் "விரைவில் உயர்ந்த நிலையை அடைவீர்கள்" என்று அச்சடித்திருந்தது. அதை அவர் ரொம்ப நம்பிக்கையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் ராகிக் கூழும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டார். அவ்வளவு சோகமான முகத்தோடு அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பத்தாம் நாள் திரும்பவும் போய் மிஷினில் ஏறினால் தொண்ணூற்றி மூன்று. கம்பெனி கேன்டீனில் என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை. மிஷினில் கோளாறு என்று அவர் சொன்னார். சரிபார்க்க என்னை ஏறச் சொன்னார். நாற்பத்தாறு.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பாய் என் எடைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஷெட்டில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"டீச்சர், சும்மா ஒரு தபா ஏறி உக்காருங்களேன்."

உட்கார்ந்தேன். அவரே ஸ்கேலை வைத்து அளந்தார். மூன்றில் ஒரு பங்கு. மயிரிழை கூட அப்படி இப்படி இல்லை.

"சார், இதவிட மலிவா எதுவும் பண்ண முடியாது" என்றார் பாய்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். அவர் என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு வந்து, "கிளட்ச் புடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அந்த மனுஷரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். தானே செய்வதை விடக் காரியம் நடப்பதுதான் அவருக்கு முக்கியம்.

எனக்குச் சைக்கிள் மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த வண்டியில் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. சாய்ந்து விழாது. ஆக்சிலேட்டரைத் திருக வேண்டாம்; வலது கட்டை விரலால் அமுக்கினால் போதும். புடவையில் முடியாதென்று அவருடைய காக்கி யூனிஃபார்ம் பேன்ட்டை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிறு குன்றத்தூரிலிருந்து அவருடைய அக்கா சொல்லாமல் வந்துவிட்டார். வீட்டில் ஆள் இல்லையென்று ஏரிப்பக்கம் தேடி வந்தவர், பேன்ட், சட்டை, ஹெல்மெட்டோடு நான் கரையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்து, "டேய், யாருடா அது புதுப் பையன், நல்லா ஓட்டறானே" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றினேன். நாத்தனார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, ஆறுதலுக்காகவோ என்னவோ, "நல்லாத்தான் ஓட்டின" என்று இன்னொரு தடவை சொன்னார்.

தாவுவதற்கு நாலு வாரமானது. முதலில் முட்டி உயரம், பிறகு இடுப்பு உயரம். பாய் ஒவ்வொரு ஞாயிறும் மொபெட்டில் வந்து கரையில் குந்தி உட்கார்ந்துகொள்வார். நான் இறங்கும்போதெல்லாம் சக்கரத்தை மட்டும் உற்றுப் பார்ப்பார். என் முகத்தை ஒருதரம் கூடப் பார்க்கவில்லை. உயரம் ஏற ஏற முதுகு வலித்தது. சீட்டில் உட்கார்ந்தபடி இறங்குகிறேன் என்று அவர்தான் கண்டுபிடித்தார்.

"உக்காராதீங்க டீச்சர். எந்திரிச்சு நின்னு, முட்டிய மடிச்சு வெச்சுக்குங்க. முட்டியும் ஒரு ஷாக் அப்சார்பருதான். ஆண்டவன் ஃப்ரீயா குடுத்துகீறான்."

அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை, இல்லாத நாற்காலியில் உட்காரச் சொல்வோம். ஒரு ஞாயிறு முழுக்க அதே நிலையில் தாவிய பிறகு, திங்கட்கிழமை கரும்பலகைக்குக் கீழே விழுந்த சாக்பீஸைக் குனிந்து எடுக்க முடியவில்லை. அன்றோடு அந்தத் தண்டனையை நான் விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் லேத் மிஷினிலிருந்து டைப்ரைட்டர் வரை எல்லாவற்றுக்கும் மாலை. எங்கள் வண்டிக்கும் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார்கள். டயர் அவ்வளவு மெத்தென்று இருந்ததால் ஒரு பழம் கூட நசுங்கவில்லை; அய்யர் கொஞ்சம் சங்கடப்பட்டார். பாய் வாழைக்கன்றுகளை அவிழ்த்து வாங்கி ஓரமாக வைத்தார், எடை மாறிவிடும் என்று.

மேனேஜர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ரெடியாப்பா?" என்றார். இவர் என்னைக் காட்டினார். மேனேஜர் என் பேன்ட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். நோட்டீஸில் மெயின்டெனன்ஸ் டிபார்ட்மென்ட் என்றுதானே போட்டிருக்கிறது, ஆள் பெயர் இல்லையே என்று ஏதோ முணுமுணுத்தார். "டீச்சர்மா, பாத்து" என்றார்.

ஹெல்மெட்டை இறுக்கி மாட்டிக்கொண்டு மண்மேட்டைப் பார்த்தேன். ஏரிக்கரையை விட உயரம். கட்டை விரலை அமுக்கினேன். ஏறியது நினைவிருக்கிறது. உச்சியில் எஞ்சின் சத்தம் மாறியது. கீழே முந்நூறு பேரின் தலைகள், எல்லா வாயும் திறந்திருந்தன. முட்டியை மடித்தேன். சக்கரங்கள் தரையைத் தொட்டன, வண்டி இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது, அடியில் இடிக்காமல் மெதுவாக என்னை மேலே கொண்டுவந்து விட்டது. அந்த அரை நொடி மாதிரி ஒரு சுகத்தை நான் அதற்கப்புறம் எந்த வண்டியிலும் அனுபவித்ததில்லை.

அதற்கு அடுத்த நொடிதான் தெரிந்தது, மூன்று மாதமாக நாங்கள் மூன்று பேரும் இறங்குவதைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறோம் என்று. நிற்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஏரியில் அது தேவைப்படவில்லை. ஓடி ஓடி வண்டி தானாக நிற்கும். கம்பெனி மைதானம் சின்னது. எனக்கு எதிரே மியூசிக்கல் சேருக்காக முப்பது இரும்பு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தார்கள். பிரேக்கைப் பிடித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டே வட்டத்துக்குள் ஒரு பக்கமாக நுழைந்து, மறுபக்கமாக வெளியே வந்து, பந்தல் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நல்லவேளை, பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. நாற்காலிகளில் யாரும் இல்லை.

கடைசி நாற்காலி உருண்டு நின்றது. பிறகு கைதட்டல். பாய் ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போய், குந்தி உட்கார்ந்து, முன்பக்க ஷாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு லீக் இல்ல!" என்று கத்தினார். கண்கலங்கியிருந்தார். என் வீட்டுக்காரர் எனக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு பேரில் ஒருவருக்காவது அது தோன்றியதே. மேனேஜர் மட்டும் வேறு மாதிரி வருத்தத்தில் இருந்தார். பொங்கல் பாத்திரத்தின் மூடியைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் தாவிவிட்டேனாம். அவர் பார்த்தது நாற்காலிகள் பறந்ததை மட்டும்தான்.

"இன்னொரு தடவை செய்ய முடியுமா டீச்சர்மா?"

"நாற்காலிகளை எடுக்கச் சொல்லுங்க சார்" என்றேன்.

இரண்டாவது தடவையும் தாவினேன். அதைத்தான் போட்டோகிராபர் எடுத்தார். ஹெல்மெட், காக்கி பேன்ட், நாலு சக்கரமும் காற்றில். அந்தப் படம் ரொம்ப வருஷம் கேன்டீன் சுவரில் தொங்கியது. கீழே என் வீட்டுக்காரரின் டிபார்ட்மென்ட் பெயர் போட்டிருந்ததால், புதிதாகச் சேருகிறவர்களெல்லாம் அது அவர்தான் என்று நினைத்துக்கொள்வார்களாம். "அது நான் இல்லப்பா, என் வூட்டுக்காரி" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்வார். தன்னடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தலைமை ஆசிரியை திங்கட்கிழமை என்னை அறைக்குக் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்கு வராமல் இருக்க வழியில்லை. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் அந்தக் கம்பெனியில்தான் இருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இதெல்லாம் ஒரு டீச்சருக்கு அழகா என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். வெளியே வரும்போது, "எவ்வளவு உசரம் இருக்கும்?" என்று பின்னால் குரல் கேட்டது. என் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினேன். "பேன்ட் போட்டுக்கிட்டா?" என்றார். ஆமாம் என்றேன். "அது சரி, புடவையில முடியாது" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டு ஏரி நிரம்பிவிட்டது. தை மாதம் நான் உண்டாகியிருந்தேன். அதோடு தாவல் முடிந்தது. என் எடை கூடக் கூட, என் வீட்டுக்காரர் சில நாள் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்ப்பார். நான் கண்டுகொள்ளவில்லை. வண்டியைக் கடைசியில் ஒரு செங்கல் சூளைக்காரருக்கு விற்றோம். சூளைக்குள்ளேயே சுடாத ஈரச் செங்கல் இழுக்க அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தப் பக்கம் போகும்போது வண்டியைப் பார்த்தாராம். ஷாக் அப்சார்பர் மூன்றையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கனமான இரும்புப் பட்டையை வெல்டு வைத்திருந்தார்களாம்.

"இன்னாய்யா இப்டி பண்ணிட்டன்னு கேட்டேன் டீச்சர். செங்கல்லுக்கு முதுகு வலிக்குமா பாய்னு கேக்கறான்."

கழற்றிப் போட்ட இரண்டு முன் ஷாக்கையும் சூளைக்காரரிடமே திரும்ப வாங்கி, மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். டீ கொடுத்தேன். குடிக்கும் வரைக்கும் வாசலில் இருந்த அந்த இரண்டையும் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் நல்லாத்தான் கீது" என்றார்.